வயிறு முறுக்கிய நாய்க்குச் சிறுநீரகம் ஏன் அடிவாங்குகிறது?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கொரடாச்சேரிப் பக்கம் வீடு. ஐந்து வயது ஜெர்மன் ஷெப்பர்ட், பெயர் சீசர், எடை 34 கிலோ. வீட்டில் காதுகுத்து. மிஞ்சிய சோற்றையும் கறியையும் இரவு 9 மணிக்கு வயிறு முட்டத் தின்றிருக்கிறான். 11 மணிக்கு ஓங்கரிக்க ஆரம்பித்தான், நுரையைத் தவிர எதுவும் வரவில்லை. வாயுத்தொல்லை என்று ஓமத்தண்ணீர் கொடுத்துப் படுக்கவைத்துவிட்டார்கள். விடிந்து பார்த்தால் வயிறு மத்தளம். தஞ்சாவூரில் காலை 10 மணிக்கு ஆபரேஷன். முறுக்கிக்கொண்ட இரைப்பையைத் திருப்பி, வயிற்றுச் சுவரோடு சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். பிழைத்துக்கொண்டான் என்று நிம்மதியானபோது, மூன்றாம் நாள் டாக்டர், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ரத்தக் கழிவான கிரியேட்டினின் 3.1 என்கிறார், மூத்திரம் குறைவு என்கிறார். வயிற்று வியாதிக்குச் சிறுநீரகம் ஏன் போக வேண்டும், ஆபரேஷனில் ஏதாவது தப்பா, பிழைப்பானா, கூடப் பிறந்த ராணிக்கும் இப்படி வருமா? தம்பி கேட்டிருப்பது இவ்வளவும்.

சுருக்கமான பதில்: சிறுநீரகம் கெட்டதற்கு ஆபரேஷன் முக்கியக் காரணம் இல்லை. இரவு 11 மணியிலிருந்து காலை 10 மணிவரை ஓடிய பதினோரு மணி நேரம்தான் பெரும்பங்கு கெடுத்தது. 3.1 என்ற எண் தீர்ப்பும் ஆகாது. அடுத்த இரண்டு மூன்று நாளில் எத்தனை மி.லி. மூத்திரம் போகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். இனி விவரமாக.

நாயின் இரைப்பை தொட்டில் மாதிரி இரண்டு முனையில் தொங்குகிற பை. ஒரு முனை உணவுக்குழாய், மறுமுனை குடல். நெஞ்சுக்கூடு ஆழமாகவும் ஒடுக்கமாகவும் இருக்கிற ஜாதிகளில், அதாவது கிரேட் டேன், ஜெர்மன் ஷெப்பர்ட், டாபர்மேன் மாதிரி நாய்களில், காற்றும் தீனியும் நிறைந்து கனத்த பை சில சமயம் அப்படியே புரண்டுவிடும். பெரும்பாலும் 180 முதல் 270 டிகிரிவரை சுற்றும். இரண்டு வாயும் முறுக்கிக்கொண்டபின் ஏப்பமும் வராது, வாந்தியும் வராது, கீழேயும் போகாது. காற்று மட்டும் சேர்ந்துகொண்டே இருக்கும். ஓங்கரிப்பான், ஒன்றும் வராது என்று நீங்கள் எழுதினீர்களே, வியாதியின் கையெழுத்தே அதுதான்.

நம்மூரில் மாட்டுக்கு வயிறு உப்புவது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதனாலேயே ஒரு தொல்லை. மாட்டுக்குச் செய்கிற வைத்தியத்தை நாய்க்கும் செய்துவிடுகிறோம்: எண்ணெய் புகட்டுவது, சோடா ஊற்றுவது, பெருங்காயம் கரைத்துக் கொடுப்பது. முறுக்கிய இரைப்பைக்குள் அது இறங்க வழியே இல்லை. தொண்டையில் நின்று நுரையீரலுக்குள் போனால் நிமோனியா. மாட்டுக்கு இடது விலாவில் குத்திக் காற்றெடுப்பதைப் பார்த்துப் பழகிய ஒருவர், தன் நாய்க்கும் அதே இடது பக்கத்தில் ஊசி குத்திவிட்டு வந்ததைப் பார்த்திருக்கிறேன். நாய்க்கு விரலால் தட்டிப் பார்த்து, மத்தளச் சத்தம் எங்கே கேட்கிறதோ அங்கேதான் குத்த வேண்டும். பெரும்பாலும் அது வலது பக்கம். தட்டிப் பார்க்காமல் குத்தினால் மண்ணீரலில் பட்டுவிடலாம்.

சரி, சிறுநீரகத்துக்கு வருவோம். உப்பிய இரைப்பை செய்கிற முதல் கெடுதல் ரத்த ஓட்டத்தில். பின்னங்கால், இடுப்பு, குடல், சிறுநீரகம் எல்லாவற்றிலிருந்தும் ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் பெருஞ்சிரை முதுகெலும்பை ஒட்டி ஓடுகிறது. சிரை என்பது மெல்லிய ரப்பர் குழாய் மாதிரி, அழுத்தினால் சப்பிப்போகும். அதன்மேல் பூசணிக்காய் அளவுக்கு உப்பிய பை உட்கார்ந்துவிட்டால் ரத்தம் வயிற்றுக்குக் கீழேயே தேங்கும். இதயம் எவ்வளவு வேகமாக அடித்தாலும் வெளியே தள்ள அதனிடம் ரத்தம் இல்லை. இதனால்தான் இந்த நாய்க்கு ட்ரிப்ஸ் ஊசியை முன்னங்காலில் போட வேண்டும் என்பது விதி. பின்னங்காலில் ஏற்றினால் அந்தத் தண்ணீரும் அடைப்புக்கு அந்தப்பக்கமே நின்றுவிடும். சீசரின் இரண்டு முன்னங்காலிலும் ரோமம் மழித்திருக்கிறதா பாருங்கள். இரண்டிலும் மழித்திருந்தால் உங்கள் டாக்டர் விஷயம் தெரிந்தவர்.

ரத்தம் குறைந்தால் உடம்பு என்ன செய்யும்? டெல்டாக்காரருக்கு இதைச் சொல்வது சுலபம். மேட்டூரில் தண்ணீர் குறைந்தால் கல்லணையிலிருந்து முறை வைத்து விடுகிறார்கள் அல்லவா? உடம்பும் முறை வைக்கும். மூளைக்கும் இதயத்துக்கும் முதல் முறை. தோல், குடல், சிறுநீரகம் எல்லாம் பிறகு. மற்ற நேரத்தில் சிறுநீரகம் செல்லப்பிள்ளை. இதயம் தள்ளும் ரத்தத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு அதற்குத்தான் போகும். அந்த ரத்தத்திலும் பெரும்பகுதியைச் சிறுநீரகத்தின் வெளிப்பகுதியே எடுத்துக்கொள்ளும், உள்பகுதிக்குப் போவது பத்தில் ஒரு பங்கு அளவுதான். ஆனால் உப்பையும் தண்ணீரையும் வடிகட்டிய நீரிலிருந்து திரும்ப உறிஞ்சி எடுக்கும் கடினமான வேலை அந்த உள்பகுதிக் குழாய்களில் நடக்கிறது. தண்ணீர் குறைவு, வேலை அதிகம். தலைஞாயிறு பக்கத்துக் கடைமடை வயல் மாதிரி, முதலில் வெடிப்பு விடுவது அங்கேதான்.

கொஞ்ச நேரம் ரத்தம் குறைந்தால் அந்தக் குழாய்ச் செல்கள் வேலையைக் குறைத்துக்கொண்டு சமாளிக்கும். சராசரி ரத்த அழுத்தம் 60, 65க்குக் கீழே இறங்கி மணிக்கணக்கில் அப்படியே கிடந்தால் செல்கள் செத்து உதிர்ந்து, அந்தக் குழாயையே அடைத்துக்கொள்ளும். அதோடு, வயிற்றுக்குள் அழுத்தம் ஏறுவதால் சிறுநீரகத்திலிருந்து வெளியே வரும் சிரையும் அமுங்கும். உள்ளே வருவதும் குறைவு, வெளியே போகவும் வழியில்லை.

அப்புறம், பலரும் எதிர்பார்க்காத இன்னொரு அடி. இரைப்பையைத் திருப்பிவிட்டதும் தேங்கிக் கிடந்த ரத்தம் மொத்தமாக உடம்புக்குள் பாயும். பல மணி நேரம் பிராணவாயு இல்லாமல் கிடந்த திசுக்களின் அமிலம், பொட்டாசியம், குடல் கிருமிகளின் நஞ்சு, எல்லாம் சேர்ந்து வரும். காய்ந்து கிடந்த வாய்க்காலில் ஒரே நாளில் மதகைத் தூக்கிவிட்டால் முதல் தண்ணீர் செத்தையையும் குப்பையையும் அடித்துக்கொண்டுதானே வரும், பலவீனமான கரையும் உடையும். அதே கதை. இதயத் துடிப்பு தாறுமாறாவதும் இதன் தொடர்ச்சிதான். ஆபரேஷன் முடிந்து இரண்டு மூன்று நாள்வரை அதற்குப் பயப்பட வேண்டும். அதற்காகக் கொடுக்கும் லிடோகெய்ன் மருந்தை ஆரம்பத்திலேயே தொடங்கினால் சிறுநீரகமும் கொஞ்சம் தப்புகிறது என்று பார்த்திருக்கிறார்கள். இன்னும் விவாதத்தில் உள்ள விஷயம், ஆனாலும் நான் கொடுக்கிற பக்கம்.

ஆபரேஷனுக்கு ஒன்றுமே பங்கில்லையா என்றால், உண்டு. மயக்க மருந்து ரத்த அழுத்தத்தை இறக்கும். ஏற்கெனவே தவித்துக்கொண்டிருந்த சிறுநீரகத்துக்கு அது கூடுதல் சுமை. ஆனால் ஆபரேஷன் செய்யாவிட்டால் சிறுநீரகத்தைப் பற்றிக் கவலைப்பட நாயே இருக்காது. மருந்துகள்மேல் சந்தேகப்படுவதில் நியாயம் இருக்கிறது. நானே ஒரு தப்பு செய்தவன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், இதே மாதிரி முறுக்கு வந்த ஒரு டாபர்மேனுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு ஜென்டாமைசின் என்ற கிருமிக்கொல்லி ஊசி போட்டேன். மாட்டுக்கும் ஆட்டுக்கும் போட்டுப் பழகிய கை. பெட்டியில் இருந்ததும் அது. நான்காம் நாள் நாய் நன்றாக எழுந்து நடந்தது, வீட்டுக்கு அனுப்பினேன். ஏழாம் நாள் வாயில் மூத்திர வாடையோடு திரும்பி வந்தது. அடிபட்ட சிறுநீரகத்துக்கு அந்த மருந்து எமன். அதற்குப் பிறகு முறுக்கு கேஸ் என்றால் ஜென்டாமைசின், அமிகாசின் இரண்டையும் தொடுவதில்லை. மெலாக்சிகாம் போன்ற வலி ஊசியும் இந்த நேரத்தில் வேண்டாம். வலிக்கு வேறு வகை மருந்து இருக்கிறது. வலி தாங்காமல் முனகுகிறானே என்று வீட்டில் இருக்கிற டைக்ளோஃபெனாக்கையோ ஐபுப்ரூஃபனையோ நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள். மருந்துச் சீட்டை டாக்டரிடம் காட்டி இந்தப் பெயர்களைக் கேளுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்.

இப்போது அந்த 3.1. நாய்க்கு கிரியேட்டினின் 1.4க்குள் இருந்தால் நல்லது. சிறுநீரகக் காயத்தைப் படி பிரித்துப் பார்க்கும் முறை ஒன்று உண்டு, 1.7 முதல் 2.5 வரை இரண்டாம் படி, 2.6 முதல் 5 வரை மூன்றாம் படி, 10க்கு மேல் போனால் கடைசிப் படியான ஐந்தாவது. சீசர் மூன்றாவதில் இருக்கிறான். லேசும் இல்லை, கைவிட வேண்டியதும் இல்லை. கிரியேட்டினினில் ஒரு சிக்கல், அது தாமதமாகத் தகவல் சொல்லும் ஆள். சிறுநீரகத்தின் வேலைத்திறனில் சுமார் முக்கால் பங்கு போன பிறகுதான் அது கோட்டைத் தாண்டும். காயம் பட்ட அன்று 1.3 காட்டும், நீங்களும் நானும் சந்தோஷப்படுவோம். அதனால்தான் எண் சின்னதாக இருந்தாலும், 48 மணி நேரத்துக்குள் 0.3 ஏறினாலே அதைக் காயம் என்று கணக்கில் எடுக்கச் சொல்கிறார்கள். சீசரை முதல் நாள் கொண்டுபோனபோது எடுத்த ரத்தப் பரிசோதனையில் எவ்வளவு இருந்தது என்று கேட்டு வாங்குங்கள். அந்த எண் இல்லாமல் 3.1க்கு அர்த்தம் பாதிதான். அன்றைக்கே 2.8 இருந்து இன்று 3.1 என்பது ஒரு கதை, அன்று 1.0 இருந்து இன்று 3.1 என்பது வேறு கதை.

மூத்திரம் இதைவிட நேர்மையானது. தேறிவரும் நாய், கிலோவுக்கு மணிக்கு 1 மி.லி.யாவது போக வேண்டும். சீசருக்கு அது மணிக்கு 34 மி.லி., டீக்கடைக் கண்ணாடி டம்ளரில் பாதிகூட இல்லை. ட்ரிப்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது இதைப்போல இரண்டு மடங்கு எதிர்பார்க்கலாம். ஆறு மணி நேரம் சேர்ந்தாற்போல 34க்குக் கீழே இருந்தால் சிறுநீரகம் தடுமாறுகிறது என்று பொருள். மூத்திரம் வடிய குழாய் (கதீட்டர்) போட்டுப் பை மாட்டியிருந்தால் பையிலுள்ள கோட்டைப் பார்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள்: மணி, அளவு, நிறம். பை இல்லை என்றால், குழந்தைக்குப் போடும் டயப்பரை விரித்துப்போட்டு, எடை பார்த்துக்கொள்ளலாம். கூடுகிற ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய 1 மி.லி. எடைத் தராசு மளிகைக் கடையில் கிடைக்கும். நான் சொன்னதைக் கேட்டு ஒரு அம்மா, பள்ளிக்கூடக் கணக்கு நோட்டில் கட்டம் போட்டு நான்கு நாள் எழுதிக்கொண்டு வந்தார்கள். அந்த நோட்டைப் பார்த்துதான் ட்ரிப்ஸைக் கூட்டினேன், குறைத்தேன்.

மூத்திரத்தை மைக்ரோஸ்கோப்பில் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். பெரிய லேப் தேவையில்லை. உதிர்ந்த குழாய்ச் செல்கள் குழாயின் அச்சிலேயே வார்த்தெடுத்த மாதிரி, மணல்மணலாகச் சின்னச் சின்ன உருளைகளாக வந்து விழுந்திருக்கும். ரத்தத்தில் சர்க்கரை சரியாக இருக்கும்போது மூத்திரத்தில் சர்க்கரை தெரிந்தாலும் குழாய்கள் அடிபட்டிருக்கின்றன என்று அர்த்தம். இவை கிரியேட்டினினுக்கு முன்னாலேயே காட்டிக்கொடுக்கும்.

மூத்திரம் குறைவு என்றால் ட்ரிப்ஸை வேகமாக ஓட்ட வேண்டும் என்று வீட்டுக்காரர்கள் கேட்பார்கள். முதல் நாள் அதிர்ச்சியில் இருந்தபோது அது சரி. அப்போது வேகமாகத்தான் ஏற்ற வேண்டும். ரத்த அழுத்தம் சரியான பிறகும் மூத்திரம் வரவில்லை என்றால் மேலும் மேலும் ஏற்றுவது ஆபத்து. வடிகால் அடைத்த வயலில் தண்ணீர் கட்டினால் பயிர் அழுகத்தானே செய்யும். தண்ணீர் நுரையீரலில் இறங்கி மூச்சு வாங்கும், கால் வீங்கும். தினம் எடை பாருங்கள். ஒரே நாளில் ஒரு கிலோ கூடியிருந்தால் அது சதை இல்லை, தண்ணீர். மூத்திரம் போக ஃபுரோசமைட் ஊசி போடுவதும் அப்படித்தான். அளவைக் கூட்டிக் காட்டும், சிறுநீரகத்தை ஆற்றாது.

நம் பகுதிக்கே உரிய ஒரு சந்தேகத்தையும் சொல்லிவிடுகிறேன். வயல், வரப்பு, எலி, தேங்கிய தண்ணீர் எல்லாம் உள்ள இடத்தில் சிறுநீரகம் கெட்டால் எலிக்காய்ச்சலையும் நினைக்க வேண்டும். அதைக் கொண்டுவரும் லெப்டோஸ்பைரா கிருமி நாய்க்கும் வரும், அதுவும் கிரியேட்டினினை ஏற்றும். வயிறு முறுக்கியதால் மட்டும்தான் என்று கண்ணை மூடிக்கொண்டு முடிவு கட்டாதீர்கள். கண் மஞ்சளாக இருக்கிறதா, காய்ச்சல் அடித்ததா, வருடாந்திரத் தடுப்பூசி போட்டீர்களா என்று யோசியுங்கள். சந்தேகம் இருக்கும்வரை அவன் மூத்திரத்தைக் கையுறை போட்டே துடையுங்கள். மனிதருக்கும் தொற்றக்கூடியது அது.

பிழைப்பானா? ஆபரேஷன்வரை வந்து சேர்ந்த நாய்களில் பெரும்பாலானவை வீடு திரும்புகின்றன. சிறுநீரகமும் அடிபட்டது என்றால் அந்த நம்பிக்கை குறைகிறது, அதை மறைக்க மாட்டேன். இரைப்பைச் சுவர் எவ்வளவு அழுகியிருந்தது, கொண்டுபோனபோது ரத்தத்தில் லாக்டேட் (பிராணவாயு இல்லாமல் தவிக்கும் திசுக்கள் விடுகிற கழிவு) எவ்வளவு என்பதெல்லாம் கணக்கில் வரும். லாக்டேட் 6க்குக் கீழே இருந்த நாய்களுக்கு வாய்ப்பு நன்றாகவே இருக்கும். சிறுநீரகக் குழாய்ச் செல்கள் மறுபடி முளைக்கக்கூடியவை. அடித்தளம் கெடாமல் இருந்தால் இரண்டு மூன்று வாரத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் பெரும்பாலும் ஈடுகட்டிவிடும். தேறும்போது நடுவில் ஒரு கட்டம் வரும், மூத்திரம் குடம் குடமாகப் போகும். பயப்படாதீர்கள், நல்ல சகுனம். ஆனால் அந்த நேரத்தில் போகிற அளவுக்கு உள்ளே கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி வற்றிவிடும். மூத்திரமே நின்றுபோய், பொட்டாசியமும் ஏறினால் டயாலிசிஸ்தான் வழி. அதற்குச் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் விசாரியுங்கள். ஒரத்தநாடு கல்லூரி உங்களுக்குக் கிட்டத்தில் இருக்கிறது, அங்கே காட்டி அவர்கள் அனுப்பினால் போவது நல்லது.

சாப்பாட்டில் ஒரு விஷயம். உடம்பு சரியில்லாதவனுக்கு ரசம் சோறும் இளநீரும் கொடுப்பது நம் கை பழகிய அன்பு. இரண்டுமே இப்போது வேண்டாம். இளநீரில் பொட்டாசியம் அதிகம். மூத்திரம் குறைந்த நாய்க்கு அது இதயத்தில் போய் அடிக்கும். திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுப்பதற்குக் காரணம் டார்டாரிக் அமிலம் என்று இப்போது சந்தேகிக்கிறார்கள், அதே அமிலம் புளியிலும் இருக்கிறது. புளி தின்ற நாய்களுக்குச் சிறுநீரகம் கெட்டதாகவும் பதிவாகியிருக்கிறது. நல்ல நாய்க்கு ஒரு கரண்டி ரசம் என்ன செய்யும் என்று வாதாடலாம்; அடிபட்ட சிறுநீரகத்தோடு வாதாட வேண்டாம். கருவாடு, எலும்பு இரண்டும் கூடாது. குழைந்த சோறு, முட்டை வெள்ளைக்கரு, கொஞ்சம் வேகவைத்த கோழி, உப்பில்லாமல், நாளைக்கு நான்கு வேளையாகச் சின்னச் சின்ன அளவில். வாந்தி நின்ற பிறகுதான் இதுவும். பட்டினி போடுவது சிறுநீரகத்துக்கு ஓய்வு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வீட்டுக்கு வந்த பின் இரண்டு வாரம், ஒரு மாதம், மூன்று மாதம் என்று கிரியேட்டினின் பாருங்கள். மூன்று மாதத்துக்குப் பிறகும் கூடுதலாக நின்றால் அதுதான் அவனுடைய புதிய நிலை என்று எடுத்துக்கொண்டு, அதற்கேற்ற தீனியோடு வாழ வைக்கலாம்.

கடைசியாக ராணி. கூடப் பிறந்தவனுக்கு வந்திருப்பதால் அவளுக்கு ஆபத்து மற்ற நாய்களைவிட அதிகம்தான். ஒரே வேளையில் ஒரு சட்டி சோறு போடுவதை நிறுத்தி இரண்டு மூன்று வேளையாகப் பிரியுங்கள். அள்ளி விழுங்குகிறவள் என்றால் அகலத் தாம்பாளத்தில் பரப்பி வையுங்கள், அல்லது வாயில் அடங்காத அளவு உருண்டைக் கல் ஒன்றைத் தட்டின் நடுவில் போடுங்கள். சுற்றிச் சுற்றி நக்கித்தான் தின்ன வேண்டியிருக்கும். தட்டை உயரமான ஸ்டூலில் வைப்பது நல்லது என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். பிறகு பார்த்ததில் உயரத்தில் தின்ற பெரிய நாய்களுக்குத்தான் முறுக்கு அதிகம் வந்திருந்தது, தரையிலேயே வையுங்கள். சாப்பிட்டவுடன் வயலில் ஓடவிடாதீர்கள். இதெல்லாம் ஆபத்தைக் குறைக்கும், நீக்காது. சீசருக்கு இரைப்பையைச் சுவரோடு தைத்தார்களே, அதை ராணிக்கு முன்கூட்டியே செய்யலாம். தைக்காமல் விட்டால் மறுபடி முறுக்குவது சகஜம். தைத்த நாய்களில் நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே. கருத்தடை ஆபரேஷன் செய்யும் நாளிலேயே இதையும் சேர்த்துச் செய்தால் மயக்க மருந்தும் செலவும் ஒரே தடவையோடு போகும். அதற்கு முன்னால், ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட்டின் எண்ணிக்கை ஒன்று பார்த்துவிடச் சொல்லுங்கள். நம் பக்கத்தில் அதைக் குறைக்கும் உண்ணிக் காய்ச்சல் வெளியே தெரியாமலே இருக்கும், கத்தி வைத்த பிறகுதான் ரத்தம் நிற்கவில்லை என்று தெரியும்.